ஃபீட்டை நிறுத்தச் சொல்லும்போதே எப்போ ஆரம்பிக்கணும்னும் சொல்லிடுங்க: பிஐசியூ டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குழந்தைகள் ஐசியூவை, அதாவது பிஐசியூவை, நடத்துற டாக்டர்களுக்கு, ரவுண்ட்ஸ்ல ஆர்டர் எழுதுற ரெசிடென்ட்களுக்கு, டயட்டீஷியன்களுக்கு, அப்புறம் என்னை மாதிரி பெட் பக்கத்துலயே நிக்கிற சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். பதினோரு வருஷமா பிஐசியூல நர்ஸா இருக்கேன், அதுல பாதிக்கு மேல நைட் டியூட்டி. யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல, ஏன்னா நான் சொல்லப்போற விஷயத்துல குத்தவாளின்னு ஒரு ஆளே கிடையாது, அதனாலதான் அது வருஷக்கணக்கா அப்படியே நடந்துட்டு இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

தினமும் காலைல ஆறு மணிக்கு சார்ட்டுல 24 மணி நேர டோட்டல் போடுவோம். யூரின் எவ்வளவு போச்சு, ட்ரிப் எவ்வளவு ஏறிச்சு, உடம்புல போட்ட ட்ரெயின் குழாய்ல எவ்வளவு வந்துச்சு, வயித்துக்குப் போற டியூப் வழியா ஃபீட், அதாவது பால், எவ்வளவு போச்சு. யூரின் கொறஞ்சா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் டாக்டரை எழுப்புவோம். பொட்டாசியம் கொறஞ்சா எழுப்புவோம். ஃபீட் கொறஞ்சா யாரையும் எழுப்ப மாட்டோம். நம்பரை எழுதிட்டு, ஏழரைக்கு ஹேண்ட் ஓவர் குடுத்துட்டுக் கிளம்பிடுவோம். ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கு. அந்த நம்பரை எழுதின ஆள் ரவுண்ட்ஸ் நடக்கும்போது வீட்டுக்குப் போற வழியில இருப்பா.

ஒரு குழந்தையோட ஒரே ஒரு நாளை மட்டும் மணி மணியா சொல்றேன், அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்தை மாத்திட்டேன், ஆனா கணக்கு மாறல. எட்டு மாசக் குழந்தை, ஏழு கிலோ, நெஞ்சுல சளி கட்டி மூச்சு விட முடியாம வென்டிலேட்டர்ல நாலாவது நாள். ஃப்ளூயிட் கொறச்சுத்தான் குடுக்கணும், மருந்துக்கும் ட்ரிப்புக்கும் போக மீதி 480 எம்எல் ஃபீட், மணிக்கு 20ன்னு பம்ப்ல ஓடிட்டு இருந்துச்சு, வாந்தி இல்ல, வயிறு உப்பல, நல்லா தாங்கிக்கிச்சு. காலைல வென்டிலேட்டரோட மூச்சு டியூபை எடுக்கலாம்னு பேச்சு இருந்ததால ஆறு மணிக்கு ஃபீட்டை நிறுத்தச் சொன்னாங்க, நான்தான் நிறுத்தினேன். ரவுண்ட்ஸ்ல அந்தப் பெட்டுக்கு வரும்போது மணி பத்தரை, எக்ஸ்ரே இன்னும் கொஞ்சம் தெளியட்டும் மதியம் பார்க்கலாம்னு சொன்னாங்க, அது சரியான முடிவுதான். மதியம் மூணு மணிக்கு எடுத்தாங்க, மூக்கு வழியா வேகமா ஆக்சிஜன் குடுக்கற ஹை ஃப்ளோல போட்டாங்க, நாலு மணி நேரம் பார்த்துட்டு ஃபீட் ஆரம்பிக்கலாம்னாங்க. ஏழு மணிக்கு ரெண்டு புது அட்மிஷன் ஒண்ணா வந்துச்சு, அதுல ஒரு குழந்தைக்கு ரத்த ஓட்டம் சரிஞ்சு ஷாக், எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. ராத்திரி நான் மறுபடியும் டியூட்டிக்கு வந்து ஹேண்ட் ஓவர் வாங்கும்போது "என்பிஓ"ன்னு, அதாவது ஃபீட் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, எதுக்குன்னு கேட்டா எக்ஸ்டுபேஷனுக்கு, மூச்சு டியூப் எடுக்கறதுக்குன்னாங்க, அது முடிஞ்சுதான் மணிக்கணக்காச்சே. டாக்டர் கொஞ்சம் ஃப்ரீ ஆனதும் பத்து மணிக்குக் கேட்டேன், உடனே சரின்னாங்க, பாதி ரேட்டுல மணிக்கு 10ல ஆரம்பிச்சேன். அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கு டோட்டல் போட்டேன். 80 எம்எல்.

480 போக வேண்டிய இடத்துல 80. ஆறுல ஒரு பங்கு.

இதுல எந்த முடிவு தப்பு? ஒண்ணும் தப்பில்ல. டியூப் எடுக்கறதுக்கு முன்னாடி வயித்தைக் காலியா வைக்கணும், சரி. எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தது சரி. எடுத்ததுக்கு அப்புறம் மறுபடி டியூப் போட வேண்டி வருமான்னு பார்க்கறதும் சரி. ஷாக்ல வந்த குழந்தைகிட்ட ஓடினது அதை விடச் சரி. எல்லாச் சரியும் சேர்ந்து ஒரு எட்டு மாசக் குழந்தை பதினாறு மணி நேரம் பட்டினி. குழந்தைக்குப் பசிச்சிருக்கும், ஆனா மயக்க மருந்து முழுசா விடல, தொண்டை கம்மி அழுகைச் சத்தமே வெளில வரல.

அந்த நாளையே இன்னொரு விதமா போட்டுப் பாருங்க. காலைல பத்தரைக்கு "மதியம் பார்க்கலாம்"னு சொன்னப்போ ஏற்கனவே நாலரை மணி நேரம் போயிடுச்சு. ரவுண்ட்ஸ் முடிஞ்சுதான் முடிவாகும்னு முந்தின நாளே தெரிஞ்சா, ஆறு மணிக்கு நிறுத்தாம பதினொரு மணி வரைக்கும் ஓட விட்டிருந்தா 100 எம்எல். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பிங்கன்னு ஆர்டர் ஷீட்ல எழுதியே இருந்துச்சுன்னா, யாரையும் கேட்காம டே டியூட்டி சிஸ்டரே ஆரம்பிச்சிருப்பாங்க, முதல் நாலு மணி நேரம் 10, அப்புறம் ஏழு மணி நேரம் 20, அது ஒரு 180. மொத்தம் 280. அதே குழந்தை, அதே டாக்டருங்க, அதே நோய், ஒரு ரூல் கூட மீறல. 80க்கு பதிலா 280.

நான் கேட்கறது இது ஒண்ணுதான், மடல் நீளமா இருந்தாலும் கோரிக்கை சின்னது. ஃபீட்டை நிறுத்தச் சொல்லி ஆர்டர் எழுதும்போது அதே வரியில மறுபடி ஆரம்பிக்க வேண்டிய நேரத்தையும் எழுதுங்க. "என்பிஓ"ன்னு மட்டும் எழுதாதீங்க. "காலை 11 முதல் என்பிஓ, இரவு 7க்கு மணிக்கு 10 எம்எல்ல ஆரம்பி, தாங்கினா 11க்கு முழு ரேட்"னு எழுதுங்க. ப்ரொசீஜர் தள்ளிப் போச்சுன்னா அந்த நேரத்தையும் மாத்தி எழுதுங்க. அந்த நேரம் வந்தப்புறம் குழந்தை நிலைமை மாறாம இருந்தா, உங்களை மறுபடி கேட்காம ஆரம்பிக்கற உரிமையை எங்களுக்குக் குடுங்க.

இது என் யூனிட்ல மட்டும் இருக்கற குறைன்னு யாராவது நினைச்சா, 2012ல வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொல்றேன். எட்டு நாட்டுல 31 பிஐசியூ, வென்டிலேட்டர்ல இருந்த 500 குழந்தைங்க. சராசரியா கிலோவுக்கு 64 கலோரி குடுக்கணும்னு டாக்டருங்க எழுதியிருக்காங்க. டியூப் வழியா உள்ள போனது அதுல 38 சதவீதம். புரோட்டீன் 43 சதவீதம். நூத்துக்கு 71 குழந்தைக்கு நடுவுல ஃபீட் நின்னிருக்கு, சராசரியா ரெண்டு நாளாவது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே யூனிட்ல எடுத்த இன்னொரு கணக்குல, ஃபீட் நின்ன 88 தடவையையும் ஒவ்வொண்ணா எடுத்து ஏன் நின்னுச்சுன்னு பார்த்தாங்க. 58 சதவீதம் தவிர்த்திருக்கலாம்னு முடிவு வந்துச்சு. அந்த 58ஐப் படிச்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏன்னா அதுல எத்தனை தடவையை நானே என் கையால நிறுத்தியிருப்பேன்னு மனசுக்குள்ள ஓடிச்சு.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். நிறைய ஃபீட் போன குழந்தைங்க அதிகமா பொழைச்சாங்கன்னு அந்த 2012 ஆய்வு சொல்லுது, ஆனா ரொம்ப முடியாத குழந்தைக்கு ஃபீட் போகறதே கஷ்டம், அதனால ஃபீட்தான் காப்பாத்துச்சுன்னு அதை வச்சே சொல்லிட முடியாது. அதே மாதிரி முதல் நாள்லயே முழு கலோரியையும் திணிக்கணும்னும் நான் சொல்லல. நோய் உச்சத்துல இருக்கும்போது உடம்பு தன்னையே கரைச்சு எரிச்சுக்கிட்டு இருக்கும், அப்போ வெளியிலருந்து அள்ளிக் குடுத்தா அது முழுசா பயன்படாது. டியூப்ல போகலைன்னா நரம்பு வழியா குடுத்து சரிக்கட்டிடலாம்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தோம், 2016ல பெல்ஜியம், நெதர்லாந்து, கனடான்னு மூணு நாட்டுல 1440 குழந்தைங்களை வச்சு சோதிச்சுப் பார்த்தாங்க. நரம்பு வழி உணவை ஒரு வாரம் தள்ளிப் போட்ட குழந்தைங்களுக்கு புதுசா இன்ஃபெக்‌ஷன் வந்தது 10.7 சதவீதம், முதல் நாள்லயே ஆரம்பிச்சவங்களுக்கு 18.5 சதவீதம். தள்ளிப் போட்டவங்க சீக்கிரமா ஐசியூவை விட்டு வெளியில வந்தாங்க.

சில பேர் இதைக் கேட்டுட்டு அப்போ ஒரு வாரம் பட்டினி போட்டாலும் பரவாயில்லைன்னு எடுத்துக்கறாங்க, அது ரொம்பத் தப்பு. அந்தக் குழந்தைங்க எல்லாருக்கும் குடல் வழியா முடிஞ்ச அளவு குடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க, விட்டமினும் தாது உப்பும் நரம்பு வழியா போய்க்கிட்டுதான் இருந்துச்சு. நரம்பு வழியில சரிக்கட்ட முடியாதுன்னு ஆனதுக்கு அப்புறம் டியூப்ல போற ஒவ்வொரு எம்எல்லும் முன்ன விட முக்கியம்னுதான் நான் புரிஞ்சுக்கறேன். குடல்ல பால் போகலைன்னா அந்தக் குடல் சுவரே மெலிஞ்சு போகுது, கொஞ்சமா போனாக்கூட அது தன் வேலையைப் பார்க்குது.

2017ல அமெரிக்காவுல தீவிர சிகிச்சை சங்கமும் ஊட்டச்சத்து சங்கமும் சேர்ந்து குடுத்த வழிகாட்டல் நடுநிலையா இருக்கு. முடிஞ்சா 24லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள டியூப் ஃபீட் ஆரம்பிங்க, முதல் வாரம் முடியறதுக்குள்ள கலோரில மூணுல ரெண்டு பங்காவது போய்ச் சேரணும், புரோட்டீன் கிலோவுக்கு ஒரு நாளைக்கு கொறஞ்சது 1.5 கிராம். மூணுல ரெண்டு பங்கு, அவ்வளவுதான் கேட்கறாங்க. நம்ம சார்ட்டுங்களை எடுத்துப் பார்த்தா எத்தனை குழந்தைக்கு அது போயிருக்கும்?

புரோட்டீன் கணக்கையும் ஒரு தடவை போட்டுக் காட்டறேன், இதை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். அந்த ஏழு கிலோ குழந்தைக்கு கொறஞ்சது பத்தரை கிராம் வேணும். சாதாரண ஃபார்முலால 100 எம்எல்லுக்கு ஏறக்குறைய 1.3 கிராம்தான் இருக்கு. 80 எம்எல் போன அந்த நாள்ல குழந்தைக்குக் கிடைச்சது ஒரே ஒரு கிராம். சரி, ஒரு எம்எல் கூட நிக்காம 480ம் போயிருந்தா? அப்பவும் ஆறு கிராம் சொச்சம்தான், கிலோவுக்கு 0.9. அதாவது நம்ம எழுதின ஆர்டரே போதல. ஃப்ளூயிட் கட்டுப்பாடு இருக்கற குழந்தைக்கு, எம்எல்லுக்கு ஒரு கலோரி, 100 எம்எல்லுக்கு 2.6 கிராம் புரோட்டீன் இருக்கற அடர்த்தியான ஃபார்முலாவுக்கு மாத்தினா அதே 480ல பன்னெண்டரை கிராம் போயிடும். தாய்ப்பாலா இருந்தா அதுல என்ன சேர்க்கலாம்னு பார்க்கணும். இதைக் கணக்குப் போடத்தான் டயட்டீஷியன் இருக்காங்க, அவங்களை மத்தியானம் தனியா வந்து சார்ட்டைப் பார்த்துட்டுப் போக விடாம ரவுண்ட்ஸ்லயே கூட நிக்க வையுங்க. ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைங்களுக்கு ட்ரிப்பும் மருந்தும் லைன் ஃப்ளஷ்ஷும் (மருந்து போற குழாயைக் கழுவ விடற நீர்) ஃப்ளூயிட்ல பாதியைத் தின்னுட்டு மீதியைத்தான் ஃபீட்டுக்கு விடுது, மருந்தை இன்னும் அடர்த்தியா கலக்க முடியுமான்னு அங்க ஒருத்தர் கேட்டாலே 50, 60 எம்எல் மிச்சமாகும்.

இனி கொஞ்சம் என் ஆளுங்க கிட்ட, சிஸ்டர்ஸ் கிட்ட பேசணும். அஸ்பிரேட்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிரிஞ்ச் போட்டு வயித்துல மிச்சம் எவ்வளவு இருக்குன்னு இழுத்துப் பார்க்கச் சொல்லிக் குடுத்துத்தான் நம்ம எல்லாரையும் வளர்த்தாங்க. 20 எம்எல் வந்தா பயம், 30 வந்தா ஃபீட் நிறுத்தம். நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்ணினேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, டியூப் சின்னதா இருந்தா கொஞ்சமா வரும், பெருசா இருந்தா நிறைய வரும், குழந்தையை இடது பக்கம் படுக்க வச்சா ஒரு அளவு வலது பக்கம்னா ஒரு அளவு, டியூப் நுனி வயித்துச் சுவர்ல ஒட்டியிருந்தா ஒண்ணுமே வராது, வயிறு நிறைஞ்சிருந்தாலும் வராது. வயித்துக்குள்ள எச்சிலும் வயித்து நீரும் ஊறிக்கிட்டே இருக்கு, வர்றது எல்லாம் ஃபீட் கிடையாது. எத்தனை எம்எல் வந்தா நிறுத்தணும்னு யூனிட்டுக்கு யூனிட் ஒரு நம்பர், அதுக்குப் பின்னாடி உறுதியான ஆதாரம் இல்ல. 2013ல பெரியவங்க ஐசியூல 449 பேரை வச்சு அஸ்பிரேட்டே பார்க்காம விட்டுப் பார்த்தாங்க, வென்டிலேட்டர் நிமோனியா அதிகமாகல, ஃபீட் நல்லா போச்சு. குழந்தைங்களுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனா 2020ல ஐரோப்பியக் குழந்தைகள் தீவிர சிகிச்சை சங்கம் குடுத்த பரிந்துரையிலயும் வழக்கமா அஸ்பிரேட் அளக்கறது வேண்டாம்னுதான் இருக்கு.

அப்போ எதைப் பார்க்கறது? குழந்தையைப் பாருங்க. வாந்தி எடுக்குதா, வயிறு இறுகி பளபளன்னு ஆகுதா, தொட்டா முகம் சுளிக்குதா, டியூப்ல பச்சையா வருதா ரத்தமா வருதா, மலத்துல ரத்தம் இருக்கா, ரத்தத்துல லாக்டேட் (ரத்த ஓட்டம் பத்தாதப்போ ஏறற பொருள்) ஏறுதா, கை கால் சில்லுன்னு ஆகுதா. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா உடனே நிறுத்துங்க, டாக்டரைக் கூப்பிடுங்க, அங்க தயங்கவே கூடாது. இது எதுவுமே இல்லாம சிரிஞ்ச்ல 15 எம்எல் பால் வந்துச்சுன்னு ஃபீட்டை நிறுத்தறது, அதுக்கும் மேல அந்தப் பாலைக் கீழ கொட்டறது, இதை நம்ம விடணும். கொட்டும்போது பாலோட சேர்த்து வயித்துல ஊறின உப்பும் ஆசிடும் போகுதுன்னு நினைவுல வையுங்க.

நம்ம பயம் எனக்குத் தெரியும். ராத்திரி ஒரு குழந்தை வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா காலைல கேள்வி நம்மளைத்தான் கேட்பாங்க. ஒரு தடவை நான் பார்த்துக்கிட்ட குழந்தைக்கு அப்படி ஆச்சு, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) சரிஞ்சு, சக்‌ஷன் போட்டு எடுக்க எடுக்கப் பாலா வந்துச்சு, பல மாசம் அந்தச் சத்தம் என் காதுல இருந்துச்சு. அதுக்கப்புறம் ஃபீட்டை நிறுத்தறதுதான் பாதுகாப்புன்னு என் கை தானா பழகிடுச்சு. ஃபீட் போகாததால மெலிஞ்சு போன குழந்தையைப் பத்தி யாரும் என்கிட்ட கேள்வி கேட்டதே இல்ல. தசை கரைஞ்சு, மூச்சை இழுக்கற தசையும் கரைஞ்சு, வென்டிலேட்டரை விட்டு வர ரெண்டு நாள் கூட ஆச்சுன்னா அந்த ரெண்டு நாளுக்கு நோய்தான் காரணம்னு எழுதிடுவோம். நிறுத்தினதால வர்ற கெடுதல் மெதுவா வரும், யார் ஷிஃப்ட்லயும் வராது. டாக்டர்களே, நாங்க ஃபீட்டை ஆரம்பிச்சு ஏதாவது ஆனா எங்களோட நில்லுங்க. எழுதி வச்ச ப்ரோட்டோகால் இருந்து, தலைமாட்டை 30லேர்ந்து 45 டிகிரி உயர்த்தி, டியூப் இடத்தைச் சரிபார்த்து, பொறுமையா ரேட்டை ஏத்தின ஒரு சிஸ்டர் தனியா நிக்கக் கூடாது.

ஃபீட்டே குடுக்கக் கூடாத குழந்தைங்க இருக்காங்க, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. குடல் அடைப்பு, குடல் ஓட்டை, குடலுக்கு ரத்தம் போகாத நிலை, வயித்துல ரத்தக்கசிவு, இன்னும் சமாளிக்க முடியாத ஷாக், சரிஞ்ச பிரஷரை ஏத்தற மருந்தோட (ஐனோட்ரோப்) அளவு மணிக்கு மணி ஏறிக்கிட்டே இருக்கற குழந்தை. ஆனா பிரஷர் மருந்து ரெண்டு நாளா ஒரே அளவுல ஓடுது, கை கால் சூடா இருக்கு, லாக்டேட் இறங்கிடுச்சு, அப்பவும் "ஐனோட்ரோப் இருக்கு அதனால என்பிஓ"ன்னு எழுதறீங்க பாருங்க, அதைத்தான் கேட்கறேன். தசையைத் தளர்த்தற மருந்து ஓடுதுன்னு நிறுத்தறதும் அப்படித்தான், அந்த மருந்து கை கால் தசையைத்தான் நிறுத்துது, குடலோட தசை வேற வகை. மார்ஃபின், ஃபெண்டனில் மாதிரி மருந்துங்க குடலை மெதுவாக்கும், உண்மை, அதுக்கு மலம் போகுதான்னு தினம் கேளுங்க, அஞ்சு நாளா போகலைன்னா வயிறு உப்பத்தானே செய்யும். வயித்துல தாங்கவே இல்லைன்னா டியூபைக் குடலுக்குத் தள்ளிப் போட்டுப் பார்க்கலாம், அதுக்கும் வழி இருக்கு.

ஃபீட் டியூப் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். காத்தை அடிச்சு ஸ்டெத் வச்சுக் கேட்டு "உள்ள இருக்கு"ன்னு சொல்ற பழக்கத்தை தயவு செஞ்சு விடுங்க, நுரையீரல்ல இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். இழுத்த நீரோட பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 5.5 இல்ல அதுக்குக் கீழ இருக்கணும், இல்லைன்னா எக்ஸ்ரே. ஆசிட் கொறைக்கற மருந்து ஓடற குழந்தைக்கு பிஹெச் ஏமாத்தும், அங்க எக்ஸ்ரேதான். ஆனா அந்த எக்ஸ்ரேயை எடுத்து வச்சுட்டு யாராவது பார்த்துச் சொல்ல மூணு மணி நேரம் காத்திருக்கோமே, அந்த மூணு மணி நேரமும் பட்டினிக் கணக்குல சேரும். எடுத்த உடனே பார்க்க வேண்டிய ஆள் யாருன்னு ஷிஃப்டுக்கு ஒருத்தரை முடிவு பண்ணி வையுங்க. அப்புறம் பிளாஸ்டர். குழந்தை இழுத்துப் போட்ட டியூப்தான் எத்தனையோ ராத்திரி என் ஃபீட்டை நிறுத்தியிருக்கு, ஒழுங்கா ஒட்டறதை ஒரு சின்ன வேலையா நினைக்காதீங்க.

தாய்ப்பாலைப் பத்தி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்குது. ஒரு அம்மா, குழந்தை வென்டிலேட்டர்ல, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ராத்திரியும் எழுந்து பால் பீய்ச்சிக் கொண்டு வந்து குடுப்பாங்க. மொதல்ல 10 எம்எல்தான் வந்துச்சு, அதையே ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு வருவாங்க. ஒரு நாள் சிடி ஸ்கேனுக்காக ஃபீட்டை நிறுத்தினோம், ஸ்கேன் தள்ளிப் போச்சு, மறுபடி தள்ளிப் போச்சு, சிரிஞ்ச்ல மாட்டி வச்ச பால் நாலு மணி நேரம் தாண்டிடுச்சு, அறை வெப்பத்துல அதுக்கு மேல வச்சுக் குடுக்கக் கூடாது, நான் அதைக் கீழ ஊத்தினேன். திரும்பிப் பார்த்தா அந்த அம்மா கதவுப் பக்கம் நிக்கிறாங்க. ஒண்ணும் கேட்கல. "சிஸ்டர், அடுத்தது எப்போ கொண்டு வரட்டும்?"னு மட்டும் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா ஆர்டர்ல நேரம் இல்ல.

தாய்ப்பாலை பம்ப்ல மெதுவா ஓட விடும்போது இன்னொண்ணு நடக்குது, அதுல இருக்கற கொழுப்பு பிரிஞ்சு குழாய் சுவர்லயும் சிரிஞ்ச்லயும் ஒட்டிக்கும், தாய்ப்பாலோட கலோரியில ஏறக்குறைய பாதி கொழுப்புலதான் இருக்கு, ஒட்டினது குழந்தைக்குப் போய்ச் சேராது. சிரிஞ்ச் நுனி மேல பார்த்த மாதிரி பம்பைச் சாய்ச்சு வச்சா மேல மிதக்கற கொழுப்பு முதல்ல உள்ள போகும், குழாயும் எவ்வளவு நீளம் கொறைவா இருக்கோ அவ்வளவு நல்லது. ஒரு காசு செலவில்லாத வேலை.

நின்னு போன ஃபீட்டைத் திருப்பிக் குடுக்கறதைப் பத்தியும் யோசிங்க. இப்போ நம்ம ஆர்டர் எல்லாம் மணிக்கு இத்தனைன்னு இருக்கு. நாலு மணி நேரம் நின்னா 80 எம்எல் போனது போனதுதான், மறுபடி அதே 20ல ஆரம்பிப்போம். அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு இத்தனைன்னு எழுதினா, மிச்சம் பத்து மணி நேரம் இருக்குன்னா மணிக்கு 28ன்னு ஏத்தி அந்த 80ஐ ஈடு கட்டிடலாம். பெரியவங்க ஐசியூல இப்படிப் பண்றாங்க, சில குழந்தைகள் யூனிட்லயும் ஆரம்பிச்சிருக்காங்க. எடைக்கு ஏத்த மாதிரி மணிக்கு அதிகபட்சம் இவ்வளவுதான்னு ஒரு எல்லையை நீங்க போட்டுக் குடுங்க, அதுக்குள்ள கணக்கு போட்டு ஏத்திக்க எங்களுக்குத் தெரியும். ரொம்ப நாள் சாப்பாடு இல்லாம மெலிஞ்சு வந்த குழந்தைக்கு மட்டும் இதைப் பண்ணக் கூடாது, திடீர்னு ஏத்தினா பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் சரிஞ்சு இதயமே தடுமாறும், அந்தக் குழந்தைங்களுக்கு ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாத்தான் போகணும். அதனாலதான் உள்ள வந்த அன்னைக்கே எடையும் உயரமும் எடுக்கச் சொல்றது, எத்தனை சார்ட்டுல அந்தக் கட்டம் காலியாவே கிடக்கு.

ஆபரேஷன் தியேட்டருக்கும் ஸ்கேனுக்கும் போற குழந்தைங்க விஷயத்துல, ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னு மொத்தமா எழுதறதை நிறுத்துங்க. மயக்க மருந்து குடுக்க, தெளிந்த நீர் ரெண்டு மணி நேரம், தாய்ப்பால் நாலு மணி நேரம், ஃபார்முலா ஆறு மணி நேரம்னுதான் நிறைய இடத்துல கணக்கு, இப்போ சில இடத்துல தெளிந்த நீருக்கு ஒரு மணி நேரம் போதும்னே சொல்றாங்க. மத்தியானம் ரெண்டு மணி கேஸுக்கு தாய்ப்பால் காலைல பத்து வரைக்கும் போகலாம். ஏற்கனவே வாய் வழியா டியூப் போட்டு காற்றுவழி பத்திரமா இருக்கற குழந்தைக்கு, படுக்கையிலயே லைன் மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் நிறுத்தணும், நிறுத்தணுமா வேண்டாமான்னு மயக்க மருந்து டாக்டரும் நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பேசி எழுதி வையுங்க. ஒவ்வொரு தடவையும் ராத்திரி டியூட்டி ரெசிடென்ட் பயந்து போய் ஆறு மணி நேரம்னு போடறதுக்கு அந்த ஒரு பேச்சு மேல்.

கடைசியா அந்த நம்பர். குழந்தைக்கு எழுதினதுல எத்தனை சதவீதம் போச்சுன்னு ரவுண்ட்ஸ்ல ஒவ்வொரு பெட்லயும் சத்தமா சொல்லணும், ஃபிவர் சொல்ற மாதிரி, யூரின் சொல்ற மாதிரி. கொறஞ்சிருந்தா எத்தனை மணி நேரம் நின்னுச்சு, எதுக்காக நின்னுச்சு, இன்னைக்கு அதுல எதைத் தவிர்க்கலாம். ஒரு பெட்டுக்கு ஒரு நிமிஷம் ஆகும். பக்கத்துல அம்மா அப்பா இருந்தா அவங்களும் கேட்கட்டும், தினமும் அவங்க எங்ககிட்ட மொதல்ல கேட்கற கேள்வியே அதுதான், புள்ளைக்கு இன்னைக்குப் பால் எவ்வளவு போச்சு சிஸ்டர்னு.

அந்த எட்டு மாசக் குழந்தை பொழைச்சு வார்டுக்குப் போயிடுச்சு, அதையும் சொல்லிடறேன். போகும்போது தொடை ரெண்டும் வத்திப் போய், டயபர் லூசா தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

என் டியூட்டி ஏழரைக்கு முடியுது, ரவுண்ட்ஸ் எட்டு மணிக்கு. நாளைக்குக் காலைல நீங்க அந்த நம்பரைக் கேட்பீங்கன்னா, என் பெட்டுங்களோட கணக்கைச் சொல்லிட்டுப் போறதுக்கு நான் அரை மணி நேரம் கூட இருக்கத் தயார்.

இப்படிக்கு,
ஒரு பிஐசியூ நைட் டியூட்டி நர்ஸ்